கிடப்பில் போடுவதற்கு எந்தப் பிரிவிலும் இடமில்லை

தமிழ்நாடு அரசிதழில் புதிதாக ஒரு சட்டம் வெளியாகும்போது அதன் தலையில் ஒரு வரி இருக்கும். சட்டமன்றம் நிறைவேற்றிய இந்தச் சட்டம் இன்ன தேதியில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது, பொதுத் தகவலுக்காக வெளியிடப்படுகிறது என்ற பொருளில் ஓடும் அந்த வரியை வக்கீல்கள்கூடப் படிக்க மாட்டார்கள். கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் சுழி மாதிரி, இருந்தால் கவனிக்க மாட்டோம், இல்லாவிட்டால்தான் கண்ணில் படும். 2025 ஏப்ரல் 11 அன்று வெளியான பத்துச் சட்டங்களில் அந்த வழக்கமான வரி இல்லை. உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பைச் சொல்லி, 2023 நவம்பர் 18 அன்றே ஒப்புதல் கிடைத்துவிட்டதாகக் கருதப்படுகிறது என்று அரசிதழ் சொன்னது. ஆளுநரின் பேனாவுக்கு வேலை வைக்காமல், நீதிமன்ற உத்தரவை மட்டும் வைத்து ஒரு மாநிலம் சட்டங்களை அரசிதழில் ஏற்றியது இந்தியாவில் அதுதான் முதல் தடவை.

ஏழு மாதம் கழித்து, 2025 நவம்பர் 20 அன்று அதே உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு வேறு குரலில் பேசியது. ஒப்புதல் கிடைத்ததாகக் 'கருதிக்கொள்ளும்' ஏற்பாடு நம் அரசியலமைப்புக்கு அந்நியமானது, ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது என்றது. முதல் தீர்ப்பு வந்தபோது இங்கே பட்டாசு வெடித்தவர்கள் உண்டு. இரண்டாவது வந்தபோது டெல்லியில் இனிப்பு வழங்கியிருந்தாலும் ஆச்சரியமில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்ற கணக்கு அவ்வளவு சுலபமாகப் போடக்கூடியதாக இல்லை.

சண்டை முழுக்க அரசியலமைப்பின் 200-வது பிரிவைப் பற்றியது. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா ஆளுநரிடம் போனால் அவர் என்ன செய்யலாம் என்று சொல்லும் பிரிவு அது. மூன்று வழிகள்: ஒப்புதல் தரலாம், ஒப்புதலை நிறுத்தி வைக்கலாம், குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கி வைக்கலாம். கீழேயே ஒரு வரம்புரை, அதாவது நிபந்தனை வாசகம், இருக்கிறது. நிதி மசோதா அல்லாத ஒன்றை, மறுபரிசீலனை செய்யச் சொல்லி 'இயன்ற அளவு விரைவில்' அவர் திருப்பி அனுப்பலாம். சட்டமன்றம் திருத்தியோ திருத்தாமலோ அதை மறுபடி நிறைவேற்றி அனுப்பினால், அதற்கு மேல் அவர் ஒப்புதலை நிறுத்தி வைக்கக் கூடாது. உயர் நீதிமன்றத்தின் அதிகாரத்தைக் குறைக்கும் மசோதாவாக இருந்தால் கட்டாயம் குடியரசுத் தலைவருக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் பிரிவு.

இதில் இல்லாதது இரண்டு. ஒன்று, எத்தனை நாளுக்குள் என்ற கணக்கு. இன்னொன்று, எதுவுமே செய்யாமல் கோப்பைக் கிடப்பில் போடும் வழி. நடைமுறையில் அந்த நான்காவது வழிதான் அதிகம் பேசப்பட்ட வழியாகிவிட்டது.

கணக்கு இல்லாமல் போனது ஏதோ மறதியால் அல்ல. அரசியலமைப்பு வரைவில், நாடாளுமன்றம் அனுப்பும் மசோதாவைக் குடியரசுத் தலைவர் திருப்பி அனுப்புவதற்கு ஆறு வாரம் என்று கெடு இருந்தது. அந்த ஆறு வாரத்தை எடுத்துவிட்டு 'இயன்ற அளவு விரைவில்' என்று போடும் திருத்தத்தைக் கொண்டுவந்தவர் அம்பேத்கர். ஆறு வாரம் இருக்கிறதே என்று ஐந்தே முக்கால் வாரம் உட்கார்ந்திருக்க வேண்டாம், உடனே முடிக்கட்டும் என்பதுதான் அதன் போக்கு என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. நாள்கணக்கு வேண்டாம் என்று யோசித்தே தவிர்த்த இடத்தில் நீதிமன்றம் எப்படி நாள்கணக்கை எழுதலாம் என்கிறது மறுதரப்பு. ஒரே திருத்தம், இரண்டு அர்த்தம். அதேபோல 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 75-வது பிரிவில் ஆளுநர் 'தம் விருப்புரிமைப்படி' முடிவெடுக்கலாம் என்ற சொற்கள் இருந்தன. சுதந்திர இந்தியாவின் 200-வது பிரிவில் அந்தச் சொற்கள் இல்லை. வெள்ளைக்காரன் காலத்து கவர்னருக்கு இருந்த சௌகரியம் இப்போதைய ஆளுநருக்கு இல்லை என்று இதிலிருந்து முடிவுகட்டுவது எனக்கு நியாயமாகவே படுகிறது. ஐந்து நீதிபதிகளுக்கு அப்படிப் படவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

மனம் வைத்தால் எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதற்கு ஜல்லிக்கட்டைப் பார்த்தால் போதும். 2017 ஜனவரி 21 அன்று அவசரச் சட்டம், 23 அன்று சட்டமன்றத்தில் மசோதா, 31 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல். மெரினாவில் லட்சக்கணக்கில் இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்பதும் சேர்ந்த கணக்குதான். மசோதா டெல்லி போய்த் திரும்ப எட்டே நாள்.

அதே 2017-இல் பிப்ரவரி 1 அன்று நீட் தேர்விலிருந்து விலக்குக் கேட்டு இரண்டு மசோதாக்களைத் தமிழக சட்டமன்றம் நிறைவேற்றியது. அவையும் குடியரசுத் தலைவருக்குப் போயின. என்ன ஆயிற்று என்று மாநிலமே கேட்டுக்கொண்டிருந்தது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒன்றிய அரசு பதில் சொன்னபோதுதான், 2017 செப்டம்பரிலேயே ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டது என்பது வெளியே தெரிந்தது. கிட்டத்தட்ட இரண்டு வருடம், இறந்துபோன மசோதாவுக்காக மாணவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். மாநில அரசுக்கு முன்பே தெரியுமா, மறைத்ததா என்று அப்போது சட்டமன்றத்தில் பெரிய ரகளை நடந்தது. தெரிந்தோ தெரியாமலோ, காரணம் என்ன என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

இது ஏதோ திமுக ஆட்சிக்கு மட்டும் நடக்கிற அநியாயம் என்று நினைக்க வேண்டாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு தரும் மசோதா 2020 செப்டம்பர் 15 அன்று நிறைவேறியது. முதல்வராக இருந்தவர் எடப்பாடி பழனிசாமி, ஆளுநர் பன்வாரிலால் புரோகித். மருத்துவக் கலந்தாய்வு நெருங்கிக்கொண்டிருந்தது, கோப்பு நகரவில்லை. அக்டோபர் 29 அன்று அதிமுக அரசு பொறுமையிழந்து அரசாணையாகவே அந்த ஒதுக்கீட்டை வெளியிட்டது. மறுநாள், அக்டோபர் 30 அன்று, ஆளுநர் ஒப்புதல் தந்தார். நாற்பத்தைந்து நாள் நகராத பேனா ஒரே ராத்திரியில் நகர்ந்தது.

ராஜீவ் கொலை வழக்கில் சிறையிலிருந்த பேரறிவாளனின் வழக்கும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், மசோதா அல்ல, மன்னிப்பு அதிகாரம் என்பதுதான் வித்தியாசம். 2018 செப்டம்பரில் அமைச்சரவை விடுதலைக்குப் பரிந்துரைத்தது. இரண்டு வருடத்துக்கும் மேல் சும்மா இருந்துவிட்டு, 2021 ஜனவரியில் அதைக் குடியரசுத் தலைவருக்குத் தள்ளிவிட்டார் ஆளுநர். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம், முழுமையான நீதி கிடைக்கத் தேவையான உத்தரவைப் போடத் தனக்கு அதிகாரம் தரும் 142-வது பிரிவைக் கையில் எடுத்து நேரடியாக விடுதலை செய்தது. அந்த மூவர் அமர்வில் இருந்த ஒருவர் நீதிபதி பி.ஆர். கவாய். பின்னால் தலைமை நீதிபதியாக, 142-வது பிரிவைக் கொண்டு மசோதாவுக்கு ஒப்புதல் வாங்கித்தர முடியாது என்று சொன்ன ஐவர் அமர்வுக்கும் அவர்தான் தலைமை. முரண் என்று சொல்லத் தோன்றும். ஒரு மனிதனைச் சிறையிலிருந்து விடுவிப்பதும் ஒரு சட்டத்தைப் பிறப்பிப்பதும் ஒன்றல்ல என்பதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சரி, பத்து மசோதாக்களுக்கு வருவோம். 2020 ஜனவரி முதல் 2023 ஏப்ரல் வரை சட்டமன்றம் அனுப்பியவற்றில் பன்னிரண்டு மசோதாக்கள் ராஜ்பவனில் தங்கிவிட்டன. பழைய இரண்டும் அதிமுக காலத்தவை. பெரும்பாலானவற்றின் சாரம் ஒன்றுதான்: பல்கலைக்கழகத் துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை வேந்தரான ஆளுநரிடமிருந்து மாநில அரசுக்கு மாற்றுவது. அதாவது தன் அதிகாரத்தைக் குறைக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி அதே ஆளிடம் நீட்டியிருக்கிறார்கள். இந்தச் சங்கடத்தை அரசியலமைப்பு எழுதியவர்கள் யோசித்திருக்க வாய்ப்பில்லை. வேந்தர் பதவி அரசியலமைப்பில் வருவதே இல்லை, அது அந்தந்தப் பல்கலைக்கழகச் சட்டம் கொடுத்த பதவி.

இதற்கிடையில் ஆளுநர் ஆர்.என். ரவி 2023 ஏப்ரல் 6 அன்று ராஜ்பவனில் குடிமைப்பணித் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களிடம் பேசும்போது, ஒப்புதலை நிறுத்தி வைத்தால் மசோதா செத்துவிட்டது என்றே அர்த்தம், நிராகரிப்பு என்பதைக் கண்ணியமாகச் சொல்லும் சொல் அது என்ற பொருளில் விளக்கம் சொன்னார். நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 10 அன்று, ஆளுநர்களுக்குக் காலக்கெடு வேண்டும் என்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அதே நாளில் ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதாவுக்கு அவர் ஒப்புதல் தந்த செய்தி வந்தது. ஒருமுறை திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேற்றப்பட்ட மசோதா அது. இதெல்லாம் தற்செயல்தான் என்று நம்புகிறவர்களோடு நான் வாதாட மாட்டேன்.

அக்டோபர் கடைசியில் தமிழக அரசு உச்ச நீதிமன்றம் போனது. நவம்பர் 10 அன்று விசாரணைக்கு வந்தபோது, இது மிகவும் கவலைக்குரிய விஷயம் என்றது அமர்வு. மூன்றே நாள். நவம்பர் 13 அன்று அந்தப் பன்னிரண்டில் பத்து மசோதாக்கள் திரும்பி வந்தன. ஒவ்வொன்றிலும் ஒப்புதலை நிறுத்தி வைக்கிறேன் என்ற குறிப்பு மட்டும். எந்தப் பிரிவு பிடிக்கவில்லை, எதை மாற்ற வேண்டும் என்று ஒரு வரி இல்லை. மூன்றே முக்கால் வருடம் படித்த மசோதாவுக்கும் ஆறு மாதம் படித்த மசோதாவுக்கும் ஒரே குறிப்பு. நவம்பர் 18, சனிக்கிழமை, சிறப்புக் கூட்டம் போட்டு அவற்றை அப்படியே மறுபடி நிறைவேற்றினார்கள். வரம்புரைப்படி இதற்கு மேல் நிறுத்தி வைக்கக் கூடாது. நவம்பர் 28 அன்று பத்தையும் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார் ஆளுநர். டெல்லியில் ஒன்றுக்கு ஒப்புதல் கிடைத்தது, ஏழு மறுக்கப்பட்டன, இரண்டு அப்படியே இருந்தன.

டெல்லிக்கு அனுப்புவதில் என்ன விசேஷம்? இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு முடிச்சு இருக்கிறது. ஆளுநர் திருப்பி அனுப்பிய மசோதாவைச் சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றினால் 200-வது பிரிவு அவரைக் கட்டுப்படுத்துகிறது. 201-வது பிரிவு குடியரசுத் தலைவரை அப்படிக் கட்டுப்படுத்துவதில்லை. அவர் திருப்பி அனுப்பச் சொன்னால் சட்டமன்றம் ஆறு மாதத்துக்குள் மறுபரிசீலனை செய்து அனுப்ப வேண்டும். கெடு சட்டமன்றத்துக்கு உண்டு, அவருக்கு இல்லை. மறுபடி வந்ததும் அவர் 'பரிசீலிப்பார்', அவ்வளவுதான். ஒப்புதல் தந்தாக வேண்டும் என்று எங்கும் இல்லை. குடியரசுத் தலைவர் ஒன்றிய அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். ஆக, மாநிலப் பட்டியலில் உள்ள ஒரு விஷயத்தில் சட்டமன்றம் எடுத்த முடிவு, ஆளுநர் என்ற வாசல் வழியே போய் ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் மேஜையில் நிற்கிறது. ஆட்டுக்குத் தாடி எதற்கு என்று அண்ணா காலத்தில் கேட்ட கேள்வியில் தாடி வெறும் அலங்காரம். இங்கே தாடியைப் பிடித்தால் ஆடு நின்றுவிடுகிறது.

2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு தீர்ப்புச் சொன்னது. நானூறு பக்கத்துக்கு மேல். முதலில், மறுபடி நிறைவேற்றப்பட்ட மசோதாவைக் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கியது செல்லாது என்றார்கள். ஒதுக்குவதாக இருந்தால் முதல் சுற்றிலேயே செய்திருக்க வேண்டும். செய்யாமல் விட்டுவிட்டு, திரும்பி வந்ததும் பின்வாசல் வழியே டெல்லிக்கு அனுப்ப முடியாது. அடுத்து, கெடு. அமைச்சரவையின் ஆலோசனைப்படி நிறுத்தி வைப்பதோ ஒதுக்குவதோ என்றால் அதிகபட்சம் ஒரு மாதம். ஆலோசனைக்கு மாறாக என்றால் மூன்று மாதம். மறுபடி நிறைவேறி வந்தால் ஒரு மாதத்துக்குள் ஒப்புதல். குடியரசுத் தலைவருக்கு மூன்று மாதம், தாண்டினால் காரணத்தை மாநிலத்துக்குச் சொல்ல வேண்டும். மூன்று மாதம் என்பதை நீதிபதிகள் காற்றில் பிடிக்கவில்லை. 2016 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகமே, குடியரசுத் தலைவருக்கு வரும் மாநில மசோதாக்களை மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று அமைச்சகங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. அரசே தனக்குப் போட்டுக்கொண்ட கெடு அது. ஒன்றிய-மாநில உறவை ஆராய்ந்த சர்க்காரியா ஆணையமும் பூஞ்சி ஆணையமும் மாதக்கணக்கைப் பரிந்துரைத்துப் பல வருடம் ஆகியிருந்தது.

இதுவரை பெரிய அதிர்ச்சி இல்லை. கடைசியில்தான் குண்டு. பத்து மசோதாக்களையும் திரும்ப ஆளுநரிடம் அனுப்பிக் கையெழுத்துப் போடச் சொல்வதற்குப் பதிலாக, 142-வது பிரிவின்படி அவை ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று அறிவித்துவிட்டார்கள். ஆளுநர் நல்லெண்ணத்தோடு நடந்துகொள்ளவில்லை, மறுபடி அனுப்பினாலும் நம்ப முடியாது என்பது அதற்குச் சொன்ன காரணம். குடியரசுத் துணைத் தலைவர் ஜகதீப் தன்கர் 142-வது பிரிவை ஜனநாயக சக்திகளுக்கு எதிரான அணு ஏவுகணை என்றார். வர்ணனை மிகைதான். ஆனால் இரண்டு நீதிபதிகள் ஒரு மாநிலத்தின் வழக்கில் குடியரசுத் தலைவருக்கே கெடு எழுதலாமா, இவ்வளவு பெரிய கேள்வி குறைந்தது ஐந்து பேர் அமர்வுக்குப் போயிருக்க வேண்டாமா என்ற சங்கடம், தீர்ப்பை வரவேற்ற வக்கீல்களிடமும் இருந்தது. 145-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

ஒன்றிய அரசு மறுசீராய்வு கேட்கவில்லை. அதைவிட சாமர்த்தியமான வழியில் போனது. மே 13 அன்று குடியரசுத் தலைவர் 143-வது பிரிவின்படி பதினான்கு கேள்விகளை உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்துக் கருத்துக் கேட்டார். கேள்விகள் பொதுவாக எழுதப்பட்டிருந்தன. ஆனால் ஒவ்வொன்றின் முதுகிலும் தமிழ்நாடு வழக்கின் பெயர் ஒட்டியிருந்தது. மேல்முறையீட்டைக் கேள்வித்தாளாக மாற்றி அனுப்பியிருக்கிறார்கள் என்று தமிழ்நாடும் கேரளமும் எதிர்த்தன. நீதிமன்றம் ஏற்கவில்லை.

தலைமை நீதிபதி கவாய், சூர்ய காந்த், விக்ரம் நாத், பி.எஸ். நரசிம்மா, ஏ.எஸ். சந்துர்கர் ஆகிய ஐவர் ஆகஸ்ட் 19 முதல் பத்து நாள் கேட்டார்கள். ஆளுநர் வெறும் தபால்காரர் அல்ல என்பது ஒன்றிய அரசின் வாதம். அப்படியென்றால் அவர் சூப்பர் முதலமைச்சரா என்பது மாநிலங்களின் பதில். நவம்பர் 20 அன்று வந்த கருத்து ஒருமித்தது. எழுதியவர் யார் என்று பெயர் போடாமல் நீதிமன்றத்தின் குரலாகவே வந்தது.

கெடு கிடையாது, கருதப்படும் ஒப்புதல் கிடையாது என்ற இரண்டும் தலைப்புச் செய்தியாயின. ஆளுநர் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதில் அவருக்கு விருப்புரிமை உண்டு, அமைச்சரவை சொன்னபடிதான் செய்ய வேண்டும் என்பதில்லை என்றும் சொன்னார்கள். நான் மேலே சொன்ன 1935 சட்டத்தின் வாதம் இங்கேதான் அடிபட்டது. சட்டமாக மாறாத மசோதாவின் உள்ளடக்கத்தை நீதிமன்றம் ஆராயாது, ஆளுநர் எடுத்த முடிவின் சரி தப்பையும் ஆராயாது.

ஆனால் அதே கருத்தில் இருக்கும் இன்னொரு பகுதியை எடுத்துப் பாருங்கள். ஒப்புதலை நிறுத்தி வைத்தால், காரணம் எழுதிச் சட்டமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியே ஆக வேண்டும். நிறுத்தி வைத்துவிட்டுக் கையில் வைத்துக்கொள்ளும் தனி வழி இல்லை. ராஜ்பவனில் மாணவர்களிடம் சொன்ன 'மசோதா செத்துவிட்டது' என்ற விளக்கத்துக்கு இத்தோடு காரியம் முடிந்தது. 2023 நவம்பரில் பஞ்சாப் ஆளுநர் தொடர்பான வழக்கிலேயே மூன்று நீதிபதிகள் இதைச் சொல்லியிருந்தார்கள். இப்போது ஐவர் உறுதிசெய்திருக்கிறார்கள். ஒன்றிய அரசு கேட்டது முழு வீட்டோ. அது கிடைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. நீண்ட காலம், விளக்கமில்லாமல், முடிவில்லாமல் ஆளுநர் சும்மா இருந்தால் நீதிமன்றத்துக்கு வரலாம். நியாயமான காலத்துக்குள் ஏதாவது ஒரு முடிவு எடுங்கள் என்று உத்தரவிடுவோம், இன்ன முடிவுதான் என்று சொல்ல மாட்டோம். 361-வது பிரிவு ஆளுநருக்குத் தரும் தனிப்பட்ட பாதுகாப்பு இதற்குத் தடையில்லை. வாடகைக்காரரை வெளியேற்ற முடியாது, ஆனால் கதவைத் தட்டி, உள்ளே இருக்கிறீர்களா என்று கேட்கலாம் என்ற அளவுக்கு ஒரு நிவாரணம்.

அப்படியானால் அரசிதழில் வந்த பத்துச் சட்டங்கள்? விசாரணையின்போதே, நாங்கள் மேல்முறையீட்டில் உட்காரவில்லை, சட்டம் என்ன என்ற கருத்தை மட்டும்தான் சொல்கிறோம் என்றார் தலைமை நீதிபதி. இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு பழைய நினைவு உண்டு. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பை முடக்கக் கர்நாடகம் 1991-இல் அவசரச் சட்டம் போட்டபோதும் இதே 143-வது பிரிவில்தான் கேள்வி உச்ச நீதிமன்றம் போனது. இரு தரப்புக்கு இடையே நீதிமன்றம் ஏற்கனவே தீர்த்துவைத்த ஒன்றைக் குடியரசுத் தலைவரின் கேள்வி வழியாகக் கலைக்க முடியாது என்று அப்போது சொன்னார்கள். 2012-இல் அலைக்கற்றை தொடர்பான கேள்வியில், வழக்கின் முடிவைத் தொடாமல் அதில் சொன்ன சட்டத்தை மட்டும் தெளிவுபடுத்தலாம் என்றார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஏப்ரல் தீர்ப்பின் பலன் தமிழ்நாட்டின் பத்து மசோதாக்களோடு நிற்கிறது, அதன் தர்க்கம் இனி வேறு யாருக்கும் உதவாது என்பதுதான் பொருத்தமான வாசிப்பு என்று நினைக்கிறேன். இதை மறுத்து வாதாடவும் வக்கீல்கள் இருப்பார்கள்.

அந்தச் சட்டங்களாலும் பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை என்பது வேறு கதை. அரசிதழில் வந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. 2025 மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் விடுமுறைக்கால அமர்வு, துணைவேந்தர் நியமனத்தை மாநில அரசுக்கு மாற்றும் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. அங்கே ஆளுநர் பிரச்சினையே இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளோடு மோதுகின்றன என்பது வாதம். துணைவேந்தர் தேடுதல் குழுவில் மானியக் குழுவின் ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது அந்த விதி. மானியக் குழு விதிக்கும் மாநிலச் சட்டத்துக்கும் முரண் வந்தால் விதியே நிற்கும் என்று 2022-இல் குஜராத்தின் சர்தார் பட்டேல் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆக, கையெழுத்துச் சண்டையில் ஜெயித்தாலும் கல்வி எந்தப் பட்டியலில் என்ற பழைய சண்டை அடுத்த தெருவில் காத்திருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து, ஒன்றியமும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலுக்குப் போனதற்கு இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இந்த வழக்குகளுக்கு நடுவே பல்கலைக்கழகங்களில் நடந்ததைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தரின் பதவிக்காலம் 2022 அக்டோபரில் முடிந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 ஆகஸ்டில். ஏப்ரல் தீர்ப்பு வந்த நாளிலும் அந்த நாற்காலிகள் காலி. ஒருங்கிணைப்புக் குழு என்ற பெயரில் சில பேராசிரியர்களும் ஒரு செயலாளரும் கோப்பைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட குழு அன்றாட வேலையை ஓட்டும், ஆனால் புதிதாக ஒரு துறை தொடங்கவோ பேராசிரியர் நியமனத்தில் துணிந்து இறங்கவோ தயங்கும். யாருடைய கையெழுத்து செல்லும் என்பதே சந்தேகமாக இருக்கும் இடத்தில் யார்தான் துணிவார்கள்?

கும்பகோணத்தில் அமையவிருந்த கலைஞர் பல்கலைக்கழகத்துக்கான மசோதா 2025 ஏப்ரலில் நிறைவேறியது. இதை ஆளுநர் கிடப்பில் போடவில்லை. ஜூலையில், முதல் சுற்றிலேயே, குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கிவிட்டார். தமிழக அரசு உச்ச நீதிமன்றம் போனபோது, குடியரசுத் தலைவரின் கேள்விகளுக்குப் பதில் வரும்வரை பொறுங்கள் என்றார்கள். பதில் வந்தது: ஒதுக்குவது ஆளுநரின் விருப்புரிமை, நீதிமன்றம் அதன் தகுதியை ஆராயாது. ஏப்ரல் தீர்ப்பு அடைத்தது இரண்டாம் சுற்றின் பின்வாசலை மட்டும்தான். முன்வாசல் எப்போதும் திறந்தேதான் இருந்தது.

நீட் விலக்குக்கான அடுத்த மசோதாவும் டெல்லிக்குப் போனதுதான், ஆனால் இரண்டாம் சுற்றில். 2021 செப்டம்பரில் நிறைவேறி, 2022 பிப்ரவரியில் ஆளுநரால் திருப்பி அனுப்பப்பட்டு, பிப்ரவரி 8 அன்று சிறப்புக் கூட்டத்தில் மறுபடி நிறைவேறி, குடியரசுத் தலைவருக்குப் போய், 2025 ஏப்ரலில் மறுக்கப்பட்ட செய்தி வந்தது. இதை எதிர்த்து, மாநிலமும் ஒன்றியமும் மோதும் வழக்கை நேராக உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வழி தரும் 131-வது பிரிவில் தமிழக அரசு 2025 நவம்பரில் தனி வழக்குப் போட்டது. மறுத்தார் என்பது தெரியும், ஏன் மறுத்தார் என்பதை எந்த அளவுக்குக் கேட்கலாம் என்பதுதான் அந்த வழக்கின் உயிர்நாடி.

இனி மாநிலங்களின் சட்டத் துறைகளுக்கு வேலை கூடும். நீண்ட காலம், விளக்கமில்லாமல், முடிவில்லாமல் என்ற மூன்று சொற்களையும் நிரூபிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். மசோதா எந்தத் தேதியில் போனது, ஒப்புகைச் சீட்டு எங்கே, முதல் நினைவூட்டுக் கடிதம் எப்போது, ஆளுநர் மாளிகை கேட்ட விளக்கத்துக்கு எத்தனை நாளில் பதில் போனது என்று ஒவ்வொரு காகிதமும் நாளை மனுவின் இணைப்பாக வரும். கெடு என்று ஒரு எண் இருந்திருந்தால் காலண்டரைக் காட்டினால் போதும். எண் இல்லாததால் ஒவ்வொரு மசோதாவுக்கும் தனி வழக்கு, தனி கணக்கு. நான்கு மாதம் நீண்ட காலமா? பத்து மாதம்? கலந்தாய்வு நெருங்கும் மருத்துவ மசோதாவுக்கு ஒரு மாதமே நீண்ட காலம்தானே?

அதிலும் எனக்கு உறுத்துவது நடுவில் இருக்கும் சொல், 'விளக்கமில்லாமல்'. பழகிய அதிகாரி எவரும் அந்தச் சொல்லைப் பார்த்ததும் புரிந்துகொள்வார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செயலகத்துக்கு ஒரு கடிதம் போதும்: இந்த மசோதாவின் நான்காவது பிரிவு தொடர்பாகக் கீழ்க்கண்ட விவரம் தேவைப்படுகிறது. பதில் வந்ததும் ஐந்தாவது பிரிவு.